கை தெரிந்தால் விலை கூடும்

நகரியில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
முனிரத்தினம் ஃப்ளெக்ஸ் கடை.
பக்கத்து வீட்டுத் தறி ஓடினால்
போனில் பேசுவது யாரென்றே தெரியாது.
நான் அங்கே முகம் வெட்டுகிறவள்.

மாங்கூழ் ஆலை பட்டாபி நாயுடுவுக்கு
தை பிறந்தால் அறுபதாம் கல்யாணம்.
"ராஜா மாதிரி வேணும்மா.
நம்ம ஊர் ராஜா வேணாம், கிரீடத்தை
வார்டு மெம்பர்கூட வச்சிக்கிட்டான்."

தேடியதில் அகப்பட்டார் ஒரு பிரெஞ்சுப் பிரபு.
செத்து முந்நூறு வருஷம் இருக்கும்.
தலையில் தொடங்கி மார்பில் முடிகிற டோப்பா.
தெருவே சேர்ந்து நெய்தாலும் தீராத வெல்வெட்.
பின்னால் தூண், தூணைச் சுற்றி ஒரு திரை
புயலில் சிக்கியதுபோல் புடைக்கிறது;
ஜன்னலே இல்லை.
வெள்ளைக் காலுறைக் கால் ஒன்றை
விலைக்கு வைத்ததுபோல் முன்னே நீட்டியிருந்தார்.
செருப்பில் சிவப்புக் குதிகால்.
அரண்மனைக்கு வேண்டியவர்கள்தான் அதைப் போடலாமாம்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காலத்துப்
படப் பட்டறைகளைப் பற்றி வாசித்தேன்.
பெரிய ஓவியர் முகத்தை மட்டும்
சின்னத் துணியில் தீட்டிக் கொடுப்பாராம்,
அதை வெட்டிப் பெரிய துணியில் பதிப்பார்களாம்.
லேஸுக்கென்று ஓர் ஆள், திரைக்கு இன்னொருத்தன்.
ஒரே உடம்பு, ஒரே நிற்பு,
நாலு சீமான்கள் தலைமாற்றி வாங்கிப் போனார்கள்.
கை தெரிந்தால் விலை கூடும்.

அட, நம்ம கடைதான்,
என்று சோற்றுக் கையோடு சிரித்தேன்.

மூன்று மணிக்குள் பிரபுவின் தலையை எடுத்துவிட்டேன்.
நாயுடுவின் தலை டோப்பாவுக்குள் உட்கார
காது இடித்தது.
கழுத்தில் பவுடர் வெள்ளையை இறக்கினேன்,
"எதுக்கும்மா, அது இருக்கட்டும்" என்றார்.
தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி,
மூலையில் பிள்ளையார்.

அதுவரை விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்த
அவர் மனைவி ராஜ்யம் எழுந்து வந்தாள்.
திரையில் விரல் வைத்தாள்.
"யாரு கை இது?"

லேஸிலிருந்து நழுவி விழுந்த கை.
தண்ணீர்க் குடம் தூக்காதது, வெண்ணெய் நிறம்,
சுண்டுவிரல் தனியாகச் சோம்பியிருந்தது.

நாயுடு வலது கையை
வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.

"அடுத்தவன் ஆலையில, கூழ் மெஷின்ல போச்சு,
ரெண்டு விரல்.
நஷ்டஈட்டுக் காசுலதான் முதல் மெஷின் வாங்குனோம்.
ஆலைக்கு முதலே அந்த ரெண்டுதான்.
டோப்பா இருக்கட்டும். இதை எடு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.
கையைக் கவிழ்த்து வைத்தார், சத்தியம் செய்கிறவர்போல.
வெளிச்சம் அடியில் ஊர்ந்தது.
விரல் இல்லாத இடத்தில்
நின்று போனதாக எனக்குத் தோன்றியது;
பழைய மெஷின், அப்படித்தான் திக்கும்.

மூன்று விரலை லேஸுக்குள் தைக்க
இரவு ஒன்பதாயிற்று.

பத்துக்கு எட்டு. எண்பது சதுர அடி.
தொள்ளாயிரத்து அறுபது என்று எழுதினேன்.
"கைக்கு?" என்றாள் ராஜ்யம்.
அந்த ஊர் விலைப்பட்டியல் ஞாபகம் வந்தது.
எழுதாமல் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஆனியில் திருத்தணிச் சாலை செக்போஸ்டில்
பஸ் நின்றபோது பார்த்தேன்:
கிளிமூக்கு மாங்காய் லாரி,
மேலே தார்ப்பாய்க்குப் பதில் அந்த ஃப்ளெக்ஸ்.
முகம் மடிப்புக்குள் போயிருந்தது, வெல்வெட்டில் புழுதி.
கயிற்றுக்கு வெளியே
சிவப்புக் குதிகால் ஒன்று,
அப்புறம் அந்தக் கை.

காவலர் கீழிருந்து அண்ணாந்து
ஒருமுறை எண்ணினார்,
மாங்காய்ப் பெட்டிகளையாக இருக்கும்.
கம்பம் உயர்ந்தது.